பழைய பௌலிங் பந்து: முதலில் துளையா, தோலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பௌலிங் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது 60 அடி நீள லேனில் உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாரம் இரண்டு ராத்திரி லீக் ஆடுகிறேன். புதுப் பந்து விலை கட்டுப்படியாகாமல் செகண்ட் ஹேண்ட் பந்துகளிலேயே காலம் தள்ளுகிறவன். நண்பர்கள் யாராவது ஒரு பழைய பந்தின் படத்தை அனுப்பி, “அண்ணே, இதுக்கு என்ன லேஅவுட் போடலாம்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. லேஅவுட் என்றால் துளைகளை எங்கே போடுவது என்ற கணக்கு. பெரும்பாலும் என் பதில், “லேஅவுட்டை விடு தம்பி, தோலைப் பார்” என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பந்தின் வெளி ஓட்டைக் கடையில் ‘கவர்’ என்பார்கள், நான் தோல் என்றே எழுதுகிறேன்.

பழைய பந்தில் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

இரண்டு விரல் துளைகளுக்கும் நடுவே இருக்கிற குறுகிய பாலத்தில். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். அடுத்து கட்டைவிரல் துளையின் விளிம்பு. அதற்கடுத்து, ஏற்கெனவே யாராவது துளையை அடைத்திருந்தால் அந்த அடைப்பைச் சுற்றிய வட்டம்.

படத்தில் விரிசல் தெரியாது. நேரில் போனால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காய விடுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் ஒரு மயிரிழை மட்டும் கறுப்பாக நின்றால் அது கீறல் இல்லை, விரிசல். நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் தட்டும். பாலத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு இருந்தால் பேரம் பேசலாம். துளையிலிருந்து கிளம்பி பந்தின் வயிற்றைச் சுற்றி ஓடுகிற கோடு என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்த பந்துகள் நிறைய விற்பனைக்கு வரும். பகலில் வெந்து, இரவில் ஆறி, திரும்ப வெந்து கிடந்த தோல் அது. “எங்கே வைத்திருந்தீர்கள்?” என்பது “எத்தனை கேம் ஆடினீர்கள்?” என்பதைவிட நல்ல கேள்வி. கேம் கணக்கு யாரும் உண்மை சொல்வதில்லை.

எடையையும் கையால் தூக்கிப் பார்த்தே முடிவு கட்டாதீர்கள், தராசில் வைத்துப் பாருங்கள். 15 பவுண்ட் என்று விற்ற பந்து துளை போட்ட பின் 14 பவுண்டும் சொச்சமுமாக இருப்பது இயல்பு.

பின், சிஜி, எம்பி என்கிறார்களே?

லேன் முடிவில் நிற்கும் பின் வேறு, பந்தின் மேல் இருக்கும் பின் வேறு. பந்தின் மேல் ஒரு சின்ன வண்ணப் புள்ளி இருக்கும். உள்ளே இருக்கும் கோர் என்ற எடைக் கட்டியின் உச்சி அந்தப் பக்கம் என்பதற்கு அடையாளம் அது. சிஜி என்பது எடை மையத்தைக் காட்டும் குறி. எம்பி என்பது சமச்சீரற்ற கோர் உள்ள பந்துகளில் மட்டும் இருக்கும் இன்னொரு குறி. பழைய பந்தைப் பல தடவை தேய்த்திருந்தால் சிஜி, எம்பி குறிகள் அழிந்திருக்கலாம். பின் புள்ளி தோலுக்குள் ஆழமாக இறங்கியிருப்பதால் அழியாது.

விற்பவர் “இது 5 × 4 × 2 லேஅவுட்” என்கிறார். எனக்கும் அதுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

லேஅவுட் என்பது பந்தில் எழுதி வைத்த குணம் இல்லை. பின் புள்ளிக்கும், எறிகிறவரின் பிஏபி என்ற புள்ளிக்கும் உள்ள உறவு அது. பந்து கையை விட்டு நீங்கும்போது எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறதோ, அந்த அச்சு தோலைத் தொடும் இடம்தான் பிஏபி. ஆளுக்கு ஆள் மாறும். ஆள் மாறினால் துளை அதே துளை, பின் அதே பின், லேஅவுட் மட்டும் வேறு.

என் கதையையே சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்டார்ம் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஃபேஸ் 2. வெலாசிட்டி என்ற சமச்சீர் கோர், டிஎக்ஸ்-16 என்ற சாலிட் (மினுக்குத் துகள் கலக்காத) தோல், பெட்டியிலிருந்து வரும்போது 3000 கிரிட் அப்ராலான் பேடால் தேய்த்த மேற்பரப்பு (கிரிட் எண் கூடினால் தேய்ப்பு நுண்மையாகும்). 15 பவுண்டில் ஆர்ஜி (எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற எண்) 2.48, டிஃப் (அச்சுக்கு அச்சு அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்பது) 0.051. விற்றவருக்கு பிஏபி, பிடியின் (விரல், கட்டைவிரல் துளைகளின்) மையத்திலிருந்து வலப்பக்கம் 5½ அங்குலம், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அவருக்குப் பின் புள்ளியிலிருந்து பிஏபி 5 அங்குலம், பின்னுக்கும், பிஏபி வழியே போகும் விஏஎல் என்ற செங்குத்துக் கோட்டுக்கும் இடைவெளி 2 அங்குலம். நடுவில் உள்ள 4 இந்தக் கதைக்கு வேண்டாம். எனக்கோ பிஏபி 4¾ அங்குலம் வலம், அரை அங்குலம் மேலே. அதே துளைகளை வைத்து என் பிஏபியிலிருந்து அளந்தால் 5 என்பது 4¼-க்கு இறங்கிவிட்டது. 2 என்பது ஏறக்குறைய 1⅝.

முக்கால் அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம், அதில் கால்பங்கு 6¾. பின் புள்ளி பிஏபியின் மேலேயே இருந்தாலும், 6¾ தள்ளி இருந்தாலும் ஃபிளேர் கிட்டத்தட்ட இராது. நடுவில், 3⅜ அங்குலத்தில், உச்சம். ஃபிளேர் என்பது, லேனில் பூசிய எண்ணெய் பந்தில் விடும் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விசிறியாக விரிவது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத தோல் லேனைப் பிடிக்கும். ஆக, விற்றவருக்கு மிதமாகத் திரும்பிய பந்து என் கையில் இன்னும் வலுவாகத் திரும்பக்கூடிய பந்து. துரப்பணத்தைத் தொடாமலே.

என் பிஏபி எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணெய் உள்ள லேனில் ஒரு பந்தை எறியுங்கள். திரும்பி வந்ததும் துடைக்காதீர்கள். தோலில் வளையம் வளையமாக எண்ணெய்த் தடம் இருக்கும். விரல் துளைகளுக்கும் கட்டைவிரல் துளைக்கும் மிக அருகில் உள்ளது முதல் வளையம் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதன் மேல் வெள்ளைக் கிரீஸ் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த வளையத்தின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் இடமே பிஏபி. கடையில் இதற்கென்று வளைந்த அளவுகோல் இருக்கும், இரண்டு நிமிட வேலை.

பிறகு அங்கே ஒரு சின்ன டேப் ஒட்டி மறுபடி எறியுங்கள். பந்து கையை விட்டதும் டேப் ஓரிடத்தில் நிலையாக நின்றால் சரி. குட்டிக்கரணம் போட்டால் மறுபடி அளக்க வேண்டும். ஒரு தடவை எறிந்து முடிவு கட்டாதீர்கள், ஐந்து தடவையாவது பாருங்கள். களைத்துப் போன மூன்றாவது கேமில் என் பிஏபி கால் அங்குலம் நகர்ந்துவிடுகிறது.

விரல் பொருந்துகிறது. அப்படியே ஆடலாமா?

பொருந்துகிறது என்றால் என்ன? ஸ்பான், அதாவது கட்டைவிரல் துளையிலிருந்து விரல் துளை வரை உள்ள தூரம், உங்கள் அளவுக்கு ஒத்துவர வேண்டும். பிட்ச், அதாவது துளை உள்ளே சாய்ந்திருக்கும் கோணம், ஒத்துவர வேண்டும். கடைக்குள் பந்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் எல்லாப் பந்தும் பொருந்தும். இருபது எறிக்குப் பின்தான் கட்டைவிரல் அடிப்பாகம் உண்மை பேசும்.

ஸ்பான் சரியாக இருந்து, கட்டைவிரல் மட்டும் பெரிது சிறிது என்றால் முழு அடைப்பு தேவையே இல்லை. கட்டைவிரல் துளைக்குள் ஒட்டியிருக்கும் ஸ்லக் என்ற உருளையை எடுத்துவிட்டுப் புது ஸ்லக் ஒட்டி, அதில் உங்கள் அளவுக்குத் துளைக்கலாம். பிட்ச்சையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள இடம் இருக்கும். விரல் துளைகளுக்குள் இருக்கும் இன்சர்ட் என்ற மென் குழாயை மாற்றினால் முடிந்தது. கூலியும் மிச்சம், பந்தும் பிழைக்கும். ஸ்பான் கணிசமாகத் தவறினால் மட்டுமே அடைப்பைப் பற்றி யோசியுங்கள். கையை வளைத்துப் பந்துக்குப் பழக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள், தசைநாண் பழகாது.

துளையை அடைத்துப் புதிதாகப் போட்டால் பந்து கெட்டுப்போகுமா?

ஒழுங்காக அடைத்தால் கெடாது. இன்சர்ட்டையும் ஸ்லக்கையும் முழுக்கப் பிடுங்கி, பசை மிச்சமில்லாமல் சுரண்டி, துளைக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, வாயைச் சுற்றி டேப்பால் வரப்புக் கட்டி, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். கலவை இறுகும்போது சூடாகும், குமிழி விடும். அவசரக்காரர் கடையில் இந்தக் குமிழிகள்தான் பின்னால் பொத்தல்களாக வெளிவரும். ஒரு நாளாவது ஆற விட வேண்டும். காலையில் கொடுத்துச் சாயங்காலம் ஆடணும் என்று நிற்காதீர்கள்.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அடைப்பு எண்ணெயை உறிஞ்சாது, தோலைப் போல லேனைப் பிடிக்கவும் செய்யாது. உங்கள் ஃபிளேர் வளையங்கள் அந்த அடைப்பின் மேல் ஓடினால் பந்து ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வழுக்கும். இரண்டு, புதுத் துளையின் ஓரம் பழைய அடைப்பைப் பாதி கடித்துக்கொண்டு போனால் அந்த மெல்லிய விளிம்பு என்றைக்காவது பெயரும்.

ஆகவே புதுப் பிடியைத் துளை விழாத தோலுக்குக் கொண்டுபோவதே உத்தி. இங்கேதான் சமச்சீர் கோர் உள்ள பந்து கை கொடுக்கும். அந்தக் கோர் பின் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி, பம்பரத்தை ஆணியில் சுற்றுவதுபோல. பின்னுக்கும் பிஏபிக்கும் உள்ள தூரத்தையும், பின்னையும் பிஏபியையும் இணைக்கும் கோடு விஏஎல்லோடு சேரும் விஏஎல் கோணத்தையும் மாற்றாமலே, மொத்தப் பிடியையும் பின்னைச் சுற்றி நகர்த்தி, பழைய துளைகளுக்கு எதிர்ப்புறத்தில் போட்டுக்கொள்ளலாம். சிஜி எங்கேயோ போய்விடுமே என்று கடைக்காரர் சொன்னால், தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் இப்போதைய விதியில், 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தில் பக்கத்துக்குப் பக்கம் 3 அவுன்ஸ் வரை எடை வேறுபாடு இருக்கலாம். பழைய 1 அவுன்ஸ் காலத்து பயம் இன்னும் பலருக்குத் தெளியவில்லை.

சமச்சீரற்ற பந்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எம்பி எங்கே இருக்கிறதோ அதையும் கணக்கில் வைத்தாக வேண்டும். பிடியைச் சுழற்றினால் பந்தின் நடத்தையும் சேர்ந்தே சுழலும். மறு துளை போடும் எண்ணத்தோடு வாங்குகிறவர்களுக்கு நான் சமச்சீர் பந்தையே சொல்வது இதனால்தான்.

நாலாவதாக ஒரு துளை இருக்கிறதே, யாருக்கு விரல் அதிகம்?

அது எடைத் துளை. எடையைச் சமன்படுத்தவும், பந்தின் திரும்பலைக் கூட்டக் குறைக்கவும் ஒரு காலத்தில் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் யுஎஸ்பிசி சான்று பெற்ற போட்டிகளில் எடைத் துளை கூடாது. ஒவ்வொரு எறியிலும் விரல் போகாத துளை எதுவும் இருக்கக் கூடாது. அதனால் அதை அடைத்தாக வேண்டும், அடைத்த பின் எடைச் சமநிலையையும் சரிபார்க்க வேண்டும். விலை பேசும்போது இந்தக் கூலியைக் கழித்துக் கேளுங்கள். எடைத் துளையை நம்பியே அந்த லேஅவுட்டைப் போட்டிருந்தால், அடைத்த பின் விற்றவர் சொன்ன மாதிரி அந்தப் பந்து ஓடாது.

நான் இரண்டு கையால் எறிபவன். கட்டைவிரல் துளையைச் சும்மா விட்டுவிடலாமா?

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டேயைப் பார்த்து இரண்டு கைக்கு மாறிய பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பொழுதுபோக்குக்கு ஆடினால் விடலாம். போட்டியில் மேலே சொன்ன விதியே குறுக்கே வரும்: பயன்படுத்தாத துளை எடைத் துளையாகக் கணக்கு. அடைக்க வேண்டும். அதோடு, கட்டைவிரல் துளை இல்லாத பந்தில் உள்ளங்கை எந்தப் பக்கம் என்பதைக் காட்ட ஒரு கூட்டல் குறி பொறித்திருக்க வேண்டும்.

சரி, அடைத்தாயிற்று. எந்த லேஅவுட்?

டூயல் ஆங்கிள் முறையில் மூன்று எண் சொல்வார்கள்: டிரில் கோணம் (பின்னிலிருந்து பிஏபிக்கும், சிஜி அல்லது எம்பிக்கும் போகும் கோடுகளுக்கு இடையே உள்ள கோணம்), பின்னிலிருந்து பிஏபிக்கு உள்ள தூரம், விஏஎல் கோணம். விற்பவர் சொன்ன 5 × 4 × 2 வேறு முறை, அதில் எல்லாமே அங்குலம். 2021-ல் காலமான பந்து வடிவமைப்பாளர் மோ பினெல் பரப்பிய முறை. சுருக்கமாக: டிரில் கோணம் சிறியதானால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும். விஏஎல் கோணம் சிறியதானால் திருப்பம் சட்டென்று, பெரியதானால் வில்லைப் போல நிதானமாக. நடு எண் ஃபிளேரின் அளவு.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டே. வேகம் அதிகமா, சுழற்சி அதிகமா? இந்தப் பந்து உங்கள் பையில் யாருடைய வேலையைச் செய்யப்போகிறது? வேகமாக எறிந்து சுழற்சி குறைவாக உள்ளவருக்கு, பந்து பின்களை அடையும் வரை திரும்பவே நேரம் இராது. அவருக்குச் சிறிய கோணங்கள், 4 அங்குலத்தை ஒட்டிய தூரம். சுழற்சி மிகுந்து மெதுவாக எறிபவருக்கு பந்து பாதி வழியிலேயே திரும்பிக் களைத்துவிடும். அவருக்குப் பெரிய கோணங்கள், 5 அங்குலம் அல்லது அதற்கு மேல். நான் மணிக்கு 26 கிலோமீட்டரில், நடுத்தரச் சுழற்சியில் எறிபவன். அடைத்துப் போட வேண்டிய நிலை வந்தால் ஃபேஸ் 2-க்கு 50 × 4½ × 45 சொல்லியிருப்பேன். கண்டிப்பாகப் புதுமை ஒன்றும் இல்லை. பழைய பந்தில் அசாத்திய லேஅவுட் பரீட்சை வேண்டாம். இரண்டாவது தடவை தவறினால் மூன்றாவது தடவை துளைக்கத் தோல் மிச்சமிராது.

சமச்சீர் பந்தில் டிரில் கோணத்துக்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கட்டைவிரல் துளை கோரிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதே அங்கே பெரிய சமாச்சாரம்.

அப்படியென்றால் “தோலைப் பார்” என்று ஏன் சொல்கிறீர்கள்?

அந்த ஃபேஸ் 2-ஐ வாங்கிய முதல் வாரம் அது திரும்பவே மாட்டேன் என்றது. நேர்கோட்டில் போய் 7, 10 பின்களை நிற்க வைத்து வேடிக்கை காட்டியது. கோர் செத்துவிட்டது, லேஅவுட் எனக்கு ஒவ்வவில்லை, அடைத்துவிடுவோம் என்று முடிவு கட்டிப் பந்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சீனப் பெரியவர். துளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பந்தின் தடத்தை ஒரு தடவை அழுத்தித் தேய்த்து, விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். பளபளவென்று எண்ணெய். 3000-க்கு மந்தமாக இருக்க வேண்டிய தோல், டியூப் லைட்டைக் கண்ணாடி போலக் காட்டிக்கொண்டிருந்தது. “பாய், நீ துளைக்குக் காசு கொடுக்காதே” என்றார். எண்ணெய் எடுத்து, பந்தைச் சுழற்றும் ஸ்பின்னர் எந்திரத்தில் வைத்து 500, 1000, 2000, 3000 என்று தேய்த்துக் கொடுத்தார். அன்று ராத்திரி முதல் எறியிலேயே நான் ஐந்து போர்டு (லேனின் பலகை) இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று.

கோர் சாவதில்லை. தோலின் நுண்துளைகள் எண்ணெயால் நிரம்பி, மேடுபள்ளங்கள் லேனில் தேய்ந்து வழவழப்பாகிவிடுகின்றன. யுஎஸ்பிசி நடத்திய பந்து அசைவு ஆய்விலும் பந்தின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் முன் வரிசையில் வந்தவை தோலின் சொரசொரப்பும் எண்ணெய் உறிஞ்சும் வேகமும்தான். கோரின் எண்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன.

வீட்டில் எண்ணெய் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு வாளி, வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, துளைகளை மூட நல்ல டேப். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. நான் 55-க்குள் நிறுத்துவேன். சமையல் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இதில் இறங்காதீர்கள், “கை பொறுக்கிற சூடு” என்பது ஆளுக்கு ஆள் வேறு. இருபது நிமிடம் ஊறவிட்டால் தண்ணீரின் மேல் மஞ்சள் படலம் மிதக்கும். எடுத்து உடனே துடைக்க வேண்டும். ஆறினால் எண்ணெயைத் திரும்பக் குடித்துவிடும். படலம் வராத வரை இரண்டு மூன்று தடவை செய்யலாம். 12 பவுண்டுக்குக் குறைந்த பந்து தண்ணீரில் மிதக்கும், உருட்டிவிட்டுக்கொண்டே இருக்கணும்.

ஓவன், மைக்ரோவேவ், ஹேர் டிரையர், வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பை என்று யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். தோல் ஒரு வேகத்தில் விரியும், உள்ளே இருப்பது இன்னொரு வேகத்தில். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

அடைப்பு வேலையும் இருந்தால் வரிசை இது: எண்ணெய் முதலில், பிறகு அடைப்பு, பிறகு துளை, கடைசியில் தேய்ப்பு. அடைப்பைச் சமப்படுத்த எப்படியும் தேய்க்கத்தானே போகிறார்கள்.

எந்த கிரிட் வைப்பது?

பெட்டியில் எழுதியிருந்த எண்ணையே முதல் இலக்காக வையுங்கள். அதற்கு முன் கீழ்வரை இறங்கி வாருங்கள்: 500-ல் பழைய கீறல்களையும் பளபளப்பையும் அழித்துவிட்டுப் படிப்படியாக ஏறணும். 500-க்குப் பின் நேரே 3000 போட்டால் அது 3000 இல்லை. அடியில் 500-ன் பள்ளங்கள் அப்படியே இருக்கும், பந்து சீக்கிரமே பிடிக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. தேய்க்கும் பேடும் கிழடாகும்: பத்துப் பந்து தேய்த்த 1000 பேட் 2000 போல வேலை செய்யும். ஸ்பின்னரில் ஈரமாக வைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரே நேரம், ஒரே அழுத்தம், ஆறு பக்கம். இரண்டு பக்கம் மட்டும் தேய்த்த பந்து ஒரு எறி ஒரு மாதிரி, மறு எறி வேறு மாதிரி ஓடும்.

எண்ணெய் கனமான லேனுக்கு 1000 முதல் 2000. சாதாரண லீக் லேனுக்கு 3000, 4000. எண்ணெய் உலர்ந்து பந்து வெறி பிடித்ததுபோலத் திரும்பும் லேனுக்கு பாலிஷ். பாலிஷின் கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம்: 1500-ன் மேல் போட்ட பாலிஷ் திரும்பும் இடத்தில் பிடிக்கும், 4000-ன் மேல் போட்டது இன்னும் நீளமாக வழுக்கும். சாலிட் தோலைப் பாலிஷ் போட்டு, மினுக்குத் துகள் கலந்த ‘பேர்ல்’ பந்தாக்க முயல்கிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு பேர்ல் பந்தே வாங்கியிருக்கலாம்.

மந்தத் தோல் சில லீக் ராத்திரிகளிலேயே பளபளக்க ஆரம்பித்துவிடும். நான் பத்துப் பன்னிரண்டு கேமுக்கு ஒரு தடவை கடைசி கிரிட்டை மட்டும் மறுபடி தடவுவேன், ஐம்பது அறுபது கேமுக்கு ஒருமுறை அடியிலிருந்து முழுத் தேய்ப்பு. போட்டிக்கு முன் தேய்க்கலாம், ஆட்டம் தொடங்கிய பின் கூடாது. தேய்த்தால் முழுப் பந்தையும் தேய்க்க வேண்டும், தடத்தை மட்டும் அல்ல.

மலிவாகக் கிடைக்கிறது என்று எதையாவது வாங்கி மாட்டிக்கொள்வேனா?

வாங்குமுன் யுஎஸ்பிசியின் அங்கீகரித்த பந்துப் பட்டியலைப் பாருங்கள். 2016-ல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கால், ஜாக்கால் கார்னேஜ் இரண்டுக்கும் அங்கீகாரம் ரத்தானது, டிஃப் 0.060 என்ற உச்ச வரம்பைத் தாண்டியது காரணம். 2022-ல் ஸ்டார்மின் ஸ்பெக்டர் பந்துக்கும் அங்கீகாரம் ரத்தானது, அங்கே காரணம் தோலின் கடினம். அதே ஆண்டு பர்ப்பிள் ஹேமர் என்ற பந்தை யுஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது; 2016, 2017 தயாரிப்புகளில் தோலின் கடினம் வரம்புக்குக் கீழே அளந்தது. இவை விற்பனைப் பக்கங்களில் திடீரென்று சல்லிசாக வந்து நிற்பது அதனால்தான். நண்பர்களோடு ஆட ஒரு தடையும் இல்லை. போட்டிக்கு என்றால், உங்கள் போட்டி எந்த விதியில் நடக்கிறது என்று நடத்துகிறவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வரிசை எண் தெளிவாகத் தெரிகிற படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பந்தில் பழைய ஆளின் பெயர் பொறித்திருக்கிறது. தேய்த்தால் போகுமா?

போகாது. தேய்ப்பு எடுப்பது மெல்லிய படலம், பொறிப்பு அதைவிட ஆழம். அடைப்புக் கலவையால் நிரப்பி மழிக்கலாம். ஆனால் அந்த இடம் உங்கள் தடத்தில் இருந்தால் தொடாமல் விடுவதே மேல். என் ஃபேஸ் 2-ல் இன்னும் விற்றவர் பெயர்தான். லீக்கில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என்னை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.